எட்டு மீண்டும் இரண்டான கதை: என் அனுபவம்

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் படகுகளுக்கான முன்பதிவுச் செயலியைத் திருகோணமலையில் இருந்தபடி பராமரிக்கிறேன். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் விடியற்காலையிலேயே நெரிசல் தொடங்கும். அப்போது நெரிசலுக்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி அளவாக்கம், அமேசான் ஈசிஎஸ் என்ற மேகக்கணிமைத் தளத்தில் ஓடும் எங்கள் சேவையின் பிரதிகளை 2இலிருந்து 8ஆக உயர்த்தும். ஆனால், கோப்பில் எழுதியபடி மேகக்கணிமை அமைப்புகளை உருவாக்கி மாற்றும் கருவியான டெராஃபார்மை நான் இயக்கியதும் அவை மீண்டும் 2ஆகிவிடும். கரையில் குடும்பத்தோடு காத்து நிற்பவர்களின் கைபேசியில் பக்கம் திறக்காது. அதை நினைத்து எனக்கு உறக்கமே வரவில்லை.

என்னென்ன மாற்றப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் டெராஃபார்மின் 'பிளான்' கட்டளை காட்டியதை வரிவரியாக வாசித்தபோதுதான் பிடிபட்டது. கோப்பில் சேவைக்குரிய பகுதியில் 'டிசையர்ட் கவுண்ட்' (ஓட வேண்டிய பிரதிகளின் எண்ணிக்கை) 2 என்று நானே எழுதியிருந்தேன். கோப்பில் உள்ளதற்கு ஏற்ப நிலைமையை மாற்றுவதே டெராஃபார்மின் வேலை. நெரிசல் அதற்குத் தெரியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு எசமானர்கள்!

அதே பகுதியின் 'லைஃப்சைக்கிள்' தொகுதியில், டெராஃபார்ம் கண்டுகொள்ளக் கூடாதவற்றைச் சொல்லும் 'இக்னோர் சேஞ்சஸ்' பட்டியலுக்குள் அந்த எண்ணைச் சேர்த்தேன். முதன்முறை சேவையை உருவாக்கும்போது மட்டும் 2 பயன்படும். பிறகு டெராஃபார்ம் அதைத் தொடாது. குறைந்தபட்சம் 2, கூடியபட்சம் 8 என்ற எல்லைகளைக் கோப்பில் தானியங்கி அளவாக்கத்துக்குரிய 'இலக்கு' பகுதியில் எழுதினேன். அவை கோப்பில் இருப்பதுதான் சரி, ஏனெனில் அவை நாம் எடுக்கும் முடிவுகள்.

மறுநாள் காலை நெரிசலுக்கு நடுவே துணிந்து இயக்கினேன். எட்டும் எட்டாகவே நின்றன.