அமெரிக்க மார்க்கர் விளக்கை ஐரோப்பியப் பாணிக்கு மாற்றும் வயரிங்

அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பழைய ஐரோப்பியக் கார்களின் ஃபெண்டரில் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மார்க்கர். பக்கவாட்டில் மார்க்கர் விளக்கோ பிரதிபலிப்பானோ வேண்டும் என்று 1968-இல் அங்கே விதி வந்தது. 1970 முதல் இரண்டுமே கட்டாயம். ஐரோப்பாவில் அதே காருக்கு ஏற்பாடு வேறு. ஹெட்லைட்டுக்குள் ஒரு சின்ன வெள்ளை பார்க்கிங் பல்ப், பக்கவாட்டில் இண்டிகேட்டரோடு சேர்ந்து மின்னும் விளக்கு. முதல் வகையை இரண்டாவதாக மாற்றுவதுதான் இந்தப் பதிவு. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் கார் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள். கார் ஓடப்போவது அமெரிக்காவில் என்றால் மார்க்கரில் கை வைக்காதீர்கள். இரவில் அது நிலையாக எரிய வேண்டும்; ஐரோப்பிய முறைக்கு மாற்றினால் இண்டிகேட்டர் போட்டால் மட்டும்தான் எரியும். மற்ற இடங்களில் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை: டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் வயர், க்ரிம்ப் டெர்மினல்கள், அவற்றுக்கான சரியான க்ரிம்பிங் டூல், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி வயரை மூடும்), ரப்பர் கிரோமெட் (தகட்டு ஓட்டையில் வயர் தேயாமல் காக்கும் வளையம்). ரிலே வேண்டாம். 5 வாட் பல்ப் அரை ஆம்பியர்கூட இழுக்காது.

மார்க்கருக்கு எர்த் எங்கே?

வயரை வெட்டும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பல கார்களில் மார்க்கர் ஹோல்டருக்கு இரண்டு வயர் வரும், ஆனால் இரண்டில் எதுவுமே எர்த் கிடையாது. ஒன்று பார்க்கிங் லைட் வயர், மற்றது இண்டிகேட்டர் வயர்.

அப்படியானால் எப்படி எரிகிறது? பார்க்கிங் லைட் போட்டதும் மின்சாரம் மார்க்கர் பல்ப் வழியாகப் போய், இண்டிகேட்டர் வயரில் இறங்கி, அங்கிருக்கும் 21 வாட் பல்பின் இழை வழியாக எர்த்துக்குப் போய்விடும். மார்க்கரின் சின்ன இழைக்கு மின்தடை மிக அதிகம். அதனால் ஏறக்குறைய 12 வோல்ட் முழுவதும் அதன் மேலேயே விழுகிறது, பெரிய பல்ப் கண் விழிப்பதே இல்லை. பார்க்கிங் லைட் இல்லாமல் இண்டிகேட்டர் மட்டும் போட்டால் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும். பார்க்கிங் பல்புகளின் இழைதான் அப்போது எர்த்துக்கு வழி. இரண்டையும் போட்டால்? இண்டிகேட்டர் எரியும் நொடியில் மார்க்கரின் இரண்டு முனையிலும் 12 வோல்ட், வித்தியாசமே இல்லை, எனவே அணைகிறது. இண்டிகேட்டர் அணையும்போது இது எரிகிறது. மாறி மாறி மின்னுவதைப் பார்த்து வயரிங் கோளாறு என்று பலர் நினைப்பார்கள். கோளாறே இல்லை. கூடுதல் சுவிட்ச், ரிலே எதுவும் இல்லாமல் இத்தனை வேலையை வாங்கிய அந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும்.

எந்த வயர் எது?

மார்க்கர் பல்பைக் கழற்றிவிடுங்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைச் சுத்தமான பாடி உலோகத்தில் மாட்டி, பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். லேம்ப் நிலையாக எரியும் முனை பார்க்கிங் வயர். அப்புறம் அதை அணைத்துவிட்டு ஹசார்டு சுவிட்சைப் போடுங்கள். மின்னும் முனை இண்டிகேட்டர். பாயிண்ட்ஸ் வைத்த எஞ்சினில் இக்னிஷனை நெடுநேரம் ஆனில் விட்டால் காயில் சூடாகும், அதனால்தான் இக்னிஷன் இல்லாமலே இயங்கும் ஹசார்டு.

ஓம் அளந்து எர்த் வயரைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். 21 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். இண்டிகேட்டர் வயரையே எர்த் என்று நம்பிவிடுவீர்கள்.

ஜெர்மன் கார் என்றால் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரநிலையின் முனை எண்கள் கைகொடுக்கும்: 31 எர்த், 58 பார்க்கிங் லைட், 49ஏ ஃபிளாஷரிலிருந்து (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் கருவி) வெளியே வருவது. எர்த் வயர் பெரும்பாலும் பழுப்பு நிறம். ஆனாலும் ஐம்பது வருடக் காரில் யார் யார் கை வைத்தார்களோ, நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மாற்றம்

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். ஹோல்டரிலிருந்து பார்க்கிங் வயரை மட்டும் எடுத்து, முனையை ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிக் கட்டி வையுங்கள். வெட்ட வேண்டாம், பிற்காலத்தில் யாராவது பழையபடி மாற்ற விரும்பலாம். காலியான முனையிலிருந்து புது வயர் ஒன்றைப் பாடிக்கு இழுங்கள். போல்ட் பதியும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். அவ்வளவுதான், இனி இது இண்டிகேட்டரோடு ஒன்றாக மின்னும்.

ஹோல்டருக்கு ஒரே வயர் வந்து, அதன் உலோக உடல் வழியே எர்த் ஆகும் வகை என்றால் அந்த வயரை இண்டிகேட்டர் வயருக்கு மாற்றினால் போதும்.

ஹெட்லைட்டுக்குள் வெள்ளை பல்ப்

பார்க்கிங் பல்புக்கு ஓட்டை உள்ள ஹெட்லைட் யூனிட் தேவை. 4 வாட் டி4டபிள்யூ பல்ப் அதில் வழக்கம். முன் இண்டிகேட்டரில் இரட்டை இழை பல்ப் இருந்தால் அதன் 5 வாட் இழைக்கு வரும் வயரையே அங்கிருந்து எடுத்து ஹெட்லைட்டுக்கு நீட்டிவிடலாம். பழைய சுமையேதான், ஃபியூஸ் மாற்ற வேண்டியதில்லை. தகடு வழியே போகும் இடத்தில் கிரோமெட் கட்டாயம். இந்த பல்புக்கும் தனி எர்த் வயர் கொடுங்கள்.

எல்இடி போட ஆசைப்படுபவர்களுக்கு: மார்க்கரைப் பழைய முறையில் விட்டுவைத்தால் அதில் மின்சாரம் இரு திசையிலும் ஓடும், ஒரு திசையில் மட்டும் எரியும் எல்இடி பாதி நேரம் இருட்டாகவே இருக்கும். பழைய ஃபிளாஷரும் சுமை குறைந்தால் ஒழுங்காக மின்னாது. என் யோசனை, சாதாரண பல்பையே போடுங்கள்.

சோதனை

பேட்டரியை மாட்டி, பார்க்கிங் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்த்துப் போடுங்கள். வெள்ளை பல்ப் இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்தால் எங்கோ எர்த் சரியில்லை. விளக்கு எரியும்போது ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் போல்ட்டைக் கழற்றி மறுபடி சுரண்டுங்கள். மழையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து இதே அளவை இன்னொரு தடவை எடுங்கள்.