டிபிடி விண்ணப்பத்துக்கு எந்த இயற்பியல் பாடத்தை எடுப்பது?

அமெரிக்காவில் பிசிக்கல் தெரபிஸ்ட் ஆவதற்கான டிபிடி (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம், பெரும்பாலான கல்லூரிகள் ஆய்வகத்துடன் கூடிய இரண்டு செமஸ்டர் பொது இயற்பியலைக் கேட்கின்றன. பாடத்தின் தலைப்பை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, விண்ணப்பிக்கும் ஆண்டில்தான் அது செல்லாது என்று அறிந்து தவிப்பவர்கள் உண்டு. ஆகவே பாட விளக்கத்தை வரிவரியாகப் படியுங்கள்.

அறிவியல் சாராத மாணவர்களுக்கென நடத்தப்படும் கான்செப்சுவல் பிசிக்ஸ் போன்ற பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. எஞ்சியவை அல்ஜீப்ராவும் முக்கோணவியலும் போதுமான தொடர், கால்குலஸ் தேவைப்படும் தொடர் ஆகிய இரண்டு. பொதுவாக இரண்டுமே ஏற்கப்படுவதால், வேறு காரணம் இல்லாதவர்கள் முதலாவதையே எடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கடினமான தொடரில் கிரேடு சரிந்தால் அறிவியல் ஜிபிஏவும், அதாவது அறிவியல் பாடங்களின் கிரேடு சராசரியும், சரியும். திரும்பப் படித்து நல்ல கிரேடு வாங்கினாலும், பிடிகாஸ் என்னும் பொது விண்ணப்பச் சேவை பழைய கிரேடையும் சேர்த்தே சராசரியைக் கணக்கிடுகிறது.

முதல் செமஸ்டரில் திருப்புவிசையும் (ஒரு விசை மூட்டைச் சுற்றித் திருப்பும் அளவு) நெம்புகோலும் விரிவாக வருகின்றனவா என்று பாருங்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 5 கிலோ எடையை ஏந்தும்போது, எடை மூட்டிலிருந்து 35 செ.மீ. தொலைவிலும் பைசெப்ஸ் தசையின் பிடிப்பு 4 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொண்டால், முன்கையின் எடையை விட்டுவிட்டாலும் அத்தசை ஏறக்குறைய 430 நியூட்டன் விசையுடன், அதாவது ஏந்திய எடையைப் போல் ஒன்பது மடங்கு அளவில், இழுக்க வேண்டியிருக்கிறது. நோயாளியின் கையில் எடை கொடுக்கும்போது தசை எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும். இரண்டாம் செமஸ்டரின் மின்னியலும் அலைகளும், நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சையையும் அல்ட்ராசவுண்டையும் புரிந்துகொள்ள உதவும்.

கல்வியாண்டை இரண்டு செமஸ்டர்களுக்குப் பதில் மூன்று குவார்ட்டர்களாகப் பிரிக்கும் கல்லூரியில் படிப்பவர்கள், 12 குவார்ட்டர் கிரெடிட் 8 செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம் என்பதால், பெரும்பாலும் மூன்று குவார்ட்டர்களையும் முடிக்க வேண்டியிருக்கும். இணையவழி ஆய்வகம், பள்ளியிலேயே எழுதும் ஏபி தேர்வின் கிரெடிட், கம்யூனிட்டி காலேஜ் பாடம், பல ஆண்டுகளுக்கு முன் படித்த பாடம் ஆகியவற்றில் விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன. பதிவு செய்வதற்கு முன்பே, பாட எண்ணையும் சிலபஸையும் இணைத்து ஒவ்வொரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை விண்ணப்பம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.