ஏழாம் வகுப்பின் முதல் வாரத்தை நான் மாற்றிய விதம்

எங்கள் ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்த அன்றே சார்ட்டில் 14 விதிகள் எழுதி ஒட்டுவது முன்பு என் வழக்கம். பேசக்கூடாது, ஓடக்கூடாது, எழக்கூடாது. மூன்றாவது வாரம் அதை யாரும் பார்க்கமாட்டார்கள், நான் கத்திக்கொண்டிருப்பேன். பிரம்பு எடுக்காததால்தான் இப்படி என்பார்கள் சிலர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அடிக்கமாட்டேன்.

அடுத்த ஜூனில் சார்ட் ஒட்டவில்லை. "போன வருஷம் எது உங்களைப் படிக்கவிடவில்லை?" என்று கேட்டு, பெயர் போடாமல் துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது. எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சப்பட்டு, பெண் பிள்ளைகள் சிலர் மாலைவரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

கதவோரம் ஆணியில் இரண்டு அட்டைகளைத் தொங்கவிட்டேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம், என்னைக் கேட்க வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் கையைத் தூக்கினால் போதும். சொன்னதோடு விடாமல் நான்கு நாள் செய்துபார்க்க வைத்தேன். நோட்டுகளைப் பெஞ்சு பெஞ்சாக முன்னால் கைமாற்றுவதும் அப்படித்தான். 8 நிமிட வேலை 2 நிமிடமானது.

அப்புறம், பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதுவதையும் நிறுத்தினேன். அதனால் பகைதான் வளர்ந்தது.

இப்போது சுவரில் நான்கே வரிகள், பிள்ளைகளின் கையெழுத்தில். காலாண்டு விடுமுறையில் பாதி மறந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் மறுபடி ஒருநாள் செய்துபார்க்கிறோம்.