டர்போ ஹவுசிங் அளவு, ஃப்ளாஞ்ச்: லோடு வண்டிக்குப் பார்த்து எடுப்பது எப்படி?

சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது லோடு லாரி கரும்புகை கக்கித் திணறினால், "பெரிய டர்போ போடு, சரியாயிடும்" என்பார்கள். போட்டால் புகை இன்னும் கூடும். ஏற்றத்தில் இன்ஜின் 1400, 1500 ஆர்பிஎம்மில்தான் கிடக்கிறது. டர்போ என்பது எக்ஸாஸ்ட் காற்றால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. அந்த வேகத்தில் வரும் எக்ஸாஸ்ட் காற்று, பெரிய ஹவுசிங் உள்ள டர்போவின் டர்பைன் வீலைச் சுழற்றப் போதாது. சிசி-யையும் ஹெச்பி-யையும் மட்டும் பார்த்து ஹவுசிங் வாங்கக் கூடாது. லோடோடு இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஹவுசிங் மேல் உள்ள எண்

நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் வார்ப்பிரும்புப் பகுதிதான் டர்பைன் ஹவுசிங். அதில் 'ஏ/ஆர் .63' என்பது போல அச்சு இருக்கும். உள்வழியின் குறுக்குப் பரப்பை, அந்தப் பரப்பின் நடுப்புள்ளிக்கும் ஷாஃப்ட் நடுவுக்கும் உள்ள தூரத்தால் வகுத்து வருவது அது. எண் சிறிதானால் காற்று வேகமாகப் பாய்ந்து பூஸ்ட், அதாவது இன்ஜினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம், சீக்கிரம் வரும். ஆனால் மேல் ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் வெளியேற வழியில்லாமல் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட்டைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுவரும் குழாயில்) அழுத்தம் ஏறும். எண் பெரிதானால் இதற்கு நேர்மாறு.

ஹோல்செட் கம்பெனி ஹவுசிங்கில் 12, 14, 16 என்று சதுர சென்டிமீட்டரில் இருக்கும். அது பரப்பு மட்டும்தான், அதை ஏ/ஆர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே டர்பைன் வீல் என்றால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும். காற்றை இன்ஜினுக்குத் தள்ளும் கம்ப்ரசர் பக்க ஹவுசிங்கிலும் ஏ/ஆர் உண்டு, ஆனால் அதை மாற்றுவதால் பெரிய வித்தியாசம் தெரியாது.

காற்றுக் கணக்கு

5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், 2500 ஆர்பிஎம், 1 பார் பூஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்று இழுக்கும்; நிமிடத்துக்கு 5.9 × 2500 ÷ 2 = 7375 லிட்டர். சிலிண்டர் 90 சதவீதம் நிரம்பினால் சுமார் 6640 லிட்டர். பூஸ்ட் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் தாண்டி 50 டிகிரியில் வரும் 1 பார் பூஸ்ட் காற்று, 1000 லிட்டருக்கு சுமார் 2.15 கிலோ. ஆக நிமிடத்துக்கு 14.3 கிலோ. டர்போ எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தள்ளும் என்று காட்டும் வரைபடமான கம்ப்ரசர் மேப் பவுண்டில் இருந்தால் 31.5. இதே கணக்கு 1500 ஆர்பிஎம்மில் 8.6 கிலோதான். 14.3 கிலோவுக்குத் தோதான ஹவுசிங் 8.6 கிலோவில் சோம்பிக் கிடக்கும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வெளிக்காற்றே 0.91 பார்தான். அங்கே அதே 1 பார் பூஸ்ட் காட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் கம்ப்ரசர் மேப்பில் விளிம்பை ஒட்டி எடுக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிப் பள்ளத்திலிருந்து ஏறும் டிப்பருக்கு, மேலே சொன்ன இன்ஜின் அளவில், ஹோல்செட்டில் 12-இலிருந்து ஆரம்பிக்கலாம். நெடுஞ்சாலை லாரிக்கு 14. போர்வெல் கம்ப்ரசர் இன்ஜின் மணிக்கணக்கில் ஒரே உயர் ஆர்பிஎம்மில் முழு லோடில் ஓடுவது; அதற்கு 16 நல்லது, சின்னது போட்டால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி வால்வும் மேனிஃபோல்டும் போகும். ஜென்செட் 1500-ஐ விட்டு நகராது, அதற்குச் சின்னதே பொருத்தம்.

விஜிடி டர்போ (உள்ளே இதழ்கள் திரும்பி வழியின் அளவைத் தானே மாற்றும் வகை) உள்ள பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம், ஒரிஜினல் பார்ட் நம்பரையே போடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இல் வரும்.

ஃப்ளாஞ்ச்

டர்போவை மேனிஃபோல்டோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டை முகம்தான் ஃப்ளாஞ்ச். அதில் டி3, டி4 என்ற இரண்டு அளவுகளும் நாலு போல்ட், நீள்சதுரம். கண்ணால் பார்த்தால் குழப்பும். டி4 பெரியது. வெர்னியரை இரண்டு ஸ்டட்களின் வெளிப்பக்கம் வைத்து அளந்து, ஒரு ஸ்டட் விட்டத்தைக் கழித்தால் சென்டர் தூரம் வரும். நீளம், அகலம் இரண்டையும் இப்படி எடுங்கள். பிறகு மேனிஃபோல்ட் வாயில் கிரீஸ் தடவி அட்டையை அழுத்தினால் ஓட்டையின் வடிவம் அப்படியே பதியும். அந்த அட்டையைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஹவுசிங் வாய் மேனிஃபோல்ட் வாயைவிட 2 மி.மீ. உள்ளே நீட்டினாலும் காற்று அங்கே முட்டும். கேஸ்கெட் உள்ளே துருத்தினாலும் அதே கதைதான்.

வாயின் நடுவே சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு சிலிண்டரில் 1-2-3 ஒரு பக்கம், 4-5-6 மறுபக்கம் பிரிந்து வரும். நாலு சிலிண்டரில் 1-4, 2-3. சுவர் உள்ள மேனிஃபோல்டுக்குச் சுவர் இல்லாத ஹவுசிங் போட்டாலும் வண்டி ஓடும், ஆனால் கீழ் ஆர்பிஎம் பிக்கப் குறையும்.

டி3 மேனிஃபோல்டில் டி4 டர்போ உட்கார அடாப்டர் பிளேட் கிடைக்கும். எங்கள் கருத்து: தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பிளேட் தடிமன் அளவுக்கு டர்போ நகரும். சைலன்சர் பைப் நேராக உட்காராது, ஆயில் ரிட்டர்ன் பைப் மடங்கும். ரிட்டர்ன் பைப் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஆயில் தேங்கி சீல் வழியே கசியும். அதைப் பார்த்து டர்போவே போச்சு என்று கழற்றுபவர்கள் நிறைய. போல்ட்டுக்குப் பதில் வளையமாகச் சுற்றி இறுக்கும் வி-பேண்ட் கிளாம்பில் இரண்டு முகமும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எத்தனை இறுக்கினாலும் புகை கசியும்.

மாட்டிய பிறகு

ஹவுசிங் மாற்றியதும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் அது அந்த வீலுக்கான ஹவுசிங் இல்லை. ஆயில் வாயில் சுத்தமான ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்தி, ஆயில் பிரஷர் வரும்வரை கிராங்க் செய்யுங்கள். ஆயில் இன்லெட்டில் சிலிகான் பேஸ்ட் வேண்டாம், பிதுங்கிய துண்டு வழியை அடைத்துவிடும்.

அடுத்து, டர்போ மாட்டும் முன்பே மேனிஃபோல்டில் போட்டு வைத்த ஒரு ஓட்டையில், ஒரு மீட்டர் காப்பர் ட்யூப்பைச் சுருட்டி பிரஷர் கேஜ் மாட்டுங்கள். துளை போடும்போது டர்போ கழன்றிருக்க வேண்டும், இரும்புத் தூள் உள்ளே போனால் டர்பைன் வீல் காலி. ஃபுல் லோடில் பூஸ்ட் 1 பார் இருக்கும்போது மேனிஃபோல்டில் 1 முதல் 1.3 வரை இருந்தால் ஹவுசிங் சரி. 1.5 தாண்டினால் ஒரு அளவு பெரிது எடுங்கள். மாறாக 1800 ஆர்பிஎம் வரை பூஸ்ட் முள் எழும்பவே இல்லையென்றால் உடனே சின்னது தேடாதீர்கள். இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்து 0.5 பார் காற்று ஏற்றிப் பாருங்கள். நுரை வருகிற இடத்தை முதலில் அடைத்துவிட்டு, அதன் பிறகும் முள் எழவில்லை என்றால்தான் சின்ன ஹவுசிங்.