இ-பைக் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்கள்

முதலில் பிளக் பாயிண்ட். அதில் செல்போன் சார்ஜரைப் போட்டாலே கரண்ட் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, கரண்ட் வருகிறது என்றால் அடுத்து வெயில். சித்திரை, வைகாசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை ஓட்டிவந்து இறங்கிய கையோடு சார்ஜ் போட்டால் பல பேட்டரிகள் ஏற்காது. லித்தியம் செல்லின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் பேட்டரிக்கு உள்ளே இருந்து அதைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் என்ற கட்டுப்பாட்டு போர்டே சார்ஜை நிறுத்திவிடும். நிழலில் நன்றாக ஆறவிட்டு மறுபடி போடுங்கள்.

அப்புறமும் ஏறவில்லையா, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, அதன் இரண்டு கம்பி முனையும் ஒன்றோடொன்று உரசாமல், சார்ஜர் முனையை அளக்க வேண்டும். 48 வோல்ட் லித்தியம் பேட்டரியின் சார்ஜர் என்றால் பெரும்பாலும் 54.6 காட்டும், உங்களுடையதற்கு எவ்வளவு என்று சார்ஜர் மேலேயே அச்சடித்திருக்கும். சில சார்ஜர்கள் பேட்டரியோடு இணைத்தால்தான் வோல்ட் தரும், அதனால் பூஜ்யம் காட்டியதும் குப்பையில் போடாமல் அதே மாடல் வண்டிக்காரரிடம் சார்ஜர் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பேட்டரி காலி, ஆனாலும் சார்ஜரில் பச்சை விளக்குதான் எரிகிறது என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை. சார்ஜிங் சாக்கெட்டில் கருகிப்போன உலோக முனை, ஐப்பசி மழையில் நனைந்து பிடித்த களிம்பு, போன ஃபியூஸ், இவற்றைத் தேடுங்கள்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரியை, பிஎம்எஸ்ஸை விட்டுவிட்டு நேரடியாக வயர் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், தீப்பிடிக்கும். உப்பியிருந்தாலோ, வாடை அடித்தாலோ சார்ஜே போடாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.