வந்து வந்து போகும் உதறல்: பழைய எம்எக்ஸ்-5இல் மூலத்தைப் பிடிப்பது எப்படி

எந்நேரமும் உதறுகிற வண்டியை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். சில நிமிடம் உதறி, சில நிமிடம் சாதுவாக ஓடும் வண்டிதான் காசைத் தின்னும். பேலன்சிங், அலைன்மென்ட், புஷ், பேரிங் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனாலும் உதறல் அப்படியே இருக்கும். பாகத்தில் கை வைக்கும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உதறல் விநாடிக்கு எத்தனை முறை அடிக்கிறது? அது தெரிந்தால், அந்த வேகத்தில் சுற்றுகிற பொருள் எது என்பது கணக்கு மட்டுமே.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்த மாடல். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். தொடக்க கால 1.6 லிட்டர் வண்டியில் டயர் 185/60 ஆர்14, டிஃபரன்ஷியல் (பின் அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதி) விகிதம் 4.3, ஐந்தாம் கியர் 0.814. டயரின் விட்டம் 578 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீட்டர். 100 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்கு 15.3 முறை சுற்றும். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல் 4.3 மடங்கு, அதாவது சுமார் 66. ஐந்தாம் கியரில் எஞ்சின் சுமார் 54, டாக்கோமீட்டரில் 3,200. விநாடிக்கு ஒரு முறை என்பது ஒரு ஹெர்ட்ஸ். ஆக 100 கி.மீ. வேகத்தில் 15 ஹெர்ட்ஸ், 66 ஹெர்ட்ஸ், 54 ஹெர்ட்ஸ் என்று மூன்று எண்கள். பாரம் தாங்கிய டயர் கொஞ்சம் அமுங்குவதால் இரண்டு, மூன்று சதவீதம் முன்பின் இருக்கும். வேறு அளவு டயர் போட்டிருந்தால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணுவதற்குக் கைபேசி போதும். ஃபைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் முடுக்கத்தின் அலைநிறமாலையை, அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்பதை, பார்க்கும் வசதி இருக்கிறது. கைபேசியை ஹோல்டரில் மாட்டாதீர்கள். ஹோல்டரே ஆடி வேறொரு எண்ணைக் காட்டும். இருபக்க டேப் போட்டு சீட் தண்டவாளத்திலோ நடுக் கன்சோலிலோ இறுக ஒட்டுங்கள். கைபேசியின் சென்சார் விநாடிக்கு 100 முறை மட்டுமே அளப்பதாக இருந்தால், 66 ஹெர்ட்ஸ் அதிர்வு திரையில் 34 ஆகத் தெரியும். அளவீட்டு வேகம் 300க்குக் குறைவாக இருந்தால் ஷாஃப்ட் கணக்குக்கு அதை நம்பாதீர்கள். சக்கரத்துக்குத் தாராளமாகப் போதும். செயலியைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலையல்ல.

சாலை காலியாக, நேராக இருக்கும் இடத்தில் மூன்று சோதனை. உதறல் தொடங்கிய வேகத்திலேயே கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குப் போடுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். உதறல் அப்படியே இருந்தால் சக்கரம், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), ஷாஃப்ட் பக்கம் தேடலாம். சட்டென நின்றால் எஞ்சின், கிளட்ச் அல்லது இழுவை ஏறும்போது மட்டும் சிணுங்கும் ஜாயின்ட். அடுத்து, அதே வேகத்தில் நான்காம் கியருக்கு இறக்குங்கள். எஞ்சின் சுழற்சி கூடியும் உதறலின் எண் மாறவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிடலாம். கடைசியாக, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் 3,200 வரை முடுக்கிப் பாருங்கள். இதில் உதறல் வராவிட்டால் எஞ்சின் நிரபராதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாரம் ஏறினால்தான் காட்டும் கோளாறுகள் உண்டு.

பெரும்பாலும் கிடைக்கும் விடை 15 ஹெர்ட்ஸ்தான். 90 முதல் 110 வரை உதறும், 130இல் அடங்கிவிடும். காரணம், சமநிலை தவறிய எடையின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: ரிம் விளிம்பில் 20 கிராம் தவறினால் 50 கி.மீ. வேகத்தில் 8 நியூட்டன், 100இல் 33 நியூட்டன். அந்த வேகத்துக்குப் பக்கத்தில்தான் சஸ்பென்ஷனோடு சேர்ந்த சக்கரத்தின் இயல்பான துள்ளல் எண்ணும் இருக்கிறது; அதைத் தாண்டியதும் உதறல் அடங்குகிறது. எடை குறைந்த வண்டி என்பதால் கைக்கும் இடுப்புக்கும் அப்படியே வந்து சேரும்.

சக்கரம்தான் காரணம் என்றால் எப்போதும் உதற வேண்டாமா, ஏன் வந்து வந்து போகிறது? பலரைக் குழப்புவது இந்த இடம்தான். முன் சக்கரங்கள் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் சமநிலைக் குறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் கனமான பக்கமும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தால் வண்டியின் மூக்கு குதிக்கும், தரை நடுங்கும். ஒன்று மேலே, மற்றது கீழே என்று எதிரெதிராக வந்தால் குதிப்பு அடங்கி ஸ்டியரிங் இடவலமாக ஆடும். ஒரு டயர் மற்றதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தாலே சுற்றளவில் 0.2 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். அந்த நூலளவு வித்தியாசத்தால், 100 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும்போதே, ஏறத்தாழ 33 விநாடிக்கு ஒரு முறை இரண்டும் சேர்ந்து பிரியும். உதறல் அந்தத் தாளத்தில் ஏறி இறங்கும்.

வளைவும் இதே வேலையைச் செய்யும். இரு முன் சக்கரங்களுக்கும் இடைவெளி சுமார் 1.4 மீட்டர். வெளிப்பக்கச் சக்கரம் அரைச் சுற்று கூடுதலாக ஓட ஏறக்குறைய 37 பாகை திரும்பினால் போதும். ஆகவே ஒரு வளைவுக்கு முன் கையை உலுக்கிய வண்டி, வளைவு தாண்டியதும் கைக்கு அமைதியாகிவிடும். அடுத்த வளைவில் மறுபடி தொடங்கும். 'வளைவுக்குப் பிறகு சரியாகிறது, அப்படியென்றால் பேரிங்' என்று தாவுவது இங்கே பெரிய தவறு. பேரிங் கோளாறு வளைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரைச்சலாகக் காட்டும்.

உறுதி செய்யச் செலவில்லாத வழி: நான்கு டயரும் ஒரே அளவு என்பதால் முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். உதறல் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி சக்கரம். மாறவில்லை என்றால் ஹப்பையும் டிஸ்க்கையும் பாருங்கள். கழற்றும்போதே ரிம்மின் உள்பக்கத்தையும் கவனியுங்கள்: காய்ந்து ஒட்டிய சேறு, பேலன்சிங்குக்காக ஒட்டிய எடைக்கட்டி விழுந்த இடத்தில் பளிச்சென்ற பசைத் தடம். ஹப்பின் நடு விளிம்பு 54.1 மி.மீ. வெளியில் வாங்கிய அலாய் சக்கரத்தின் நடுத்துளை பெரிதாக இருந்து, இடைவளையம் போடாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சக்கரம் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். 'போன வாரம் இல்லை, இந்த வாரம் இருக்கிறது' என்பதற்கு இது போதும். நட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே குறுக்கு வரிசையில் கையால் உட்கார வைத்து, தரையில் இறக்கியபின் டார்க் ரென்ச்சால் 90 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள். ஏர் கன் வேண்டாம். காற்று 26 பிஎஸ்ஐ.

பேலன்சிங் செய்தும் தீரவில்லை என்றால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை. எடை சமமாக இருந்தாலும் முட்டை முட்டைதான். நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். டயரின் மேற்பரப்பு 1 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். உருளையை டயர் மேல் அழுத்திச் சுற்றி விசை மாறுபாட்டை அளக்கும் இயந்திரம் உள்ள கடைக்குப் போவதே நல்லது. ரிம்மில் டயரை அரைச் சுற்று திருப்பி மாட்டினாலே பல நேரம் பாதி குறையும். வாரக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி முதல் சில கிலோமீட்டர் உதறி, டயர் சூடானதும் நின்றால், அது டயர் தட்டையாகப் படிந்த இடம். பாகம் எதுவும் வாங்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, நன்றாக ஓடி இருபது நிமிடம் கழித்து உதறத் தொடங்கினால் பிரேக்கைத் தொடுங்கள், ஆனால் கையால் அல்ல. அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும், பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்தியவுடன் அளந்து பாருங்கள். ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்து காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாடலில் பின் காலிப்பர்கள் இறுகுவது வழக்கமான தொல்லை. சறுக்குப் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டு, ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதும் திரும்புகிறதா என்று பாருங்கள்.

66 ஹெர்ட்ஸ் வந்தால் கேள்வி இதுதான்: சமீபத்தில் கிளட்சுக்காகவோ வேறெதற்காகவோ கியர்பாக்ஸை இறக்கினார்களா? இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. மறுபடி பூட்டும்போது கியர்பாக்ஸின் உயரத்தைச் சர்வீஸ் மேனுவலில் சொன்னபடி அளந்து வைக்காமல் போல்ட்டை இறுக்கிவிட்டால் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு முனகத் தொடங்கும். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் அது போல்ட்டால் இணையும் தட்டான ஃபிளாஞ்சில், பழைய நிலையிலேயே மறுபடி பூட்டுவதற்காகப் பெயின்ட் கோடு போடாமல் விட்டதும் காரணமாகலாம். எண் 132 ஆக இருந்தால் சுற்றுக்கு இரண்டு அடி; யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி கியரில் ஓடவிட்டுச் சோதிப்பவர்கள் கவனிக்க: சக்கரங்கள் கீழே தொங்கும்போது ஆக்ஸில் கோணம் அதிகமாகி, இல்லாத உதறலையும் காட்டும்.

27 ஹெர்ட்ஸ் வந்தால் எஞ்சின் வேகத்தில் பாதி. நான்கு சிலிண்டரில் ஒன்று தீப்பிடிக்காமல் விடுகிறது. ஐந்தாம் கியரில் 2,000 சுழற்சியிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இது வெளிப்படும். மழை நாளில் இன்னும் சீக்கிரம். பிளக் வயர்களை முதலில் மாற்றுங்கள், காயிலைப் பிறகு பார்க்கலாம். 54 ஹெர்ட்ஸே வந்து, வண்டி 1990, 1991 காலத்து 1.6 ஆக இருந்தால், பானெட்டைத் திறந்து ஐடிலில் முன் புல்லியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அந்தத் தொடக்க எஞ்சின்களில் புல்லி மாட்டும் கிராங்க் தண்டின் முன்முனை, அதாவது மூக்கு, குட்டை. போல்ட் தளர்ந்தால் புல்லியை நிறுத்தும் சாவிக்கான பள்ளம் தேய்ந்து புல்லி தள்ளாடும். தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள், போல்ட்டை மட்டும் இறுக்கி மறுபடி ஓட்டாதீர்கள்.