ஆக்டிவ் கிராஸ்ஓவர்: பவர் சப்ளையிலும் உதிரிபாகங்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பீக்கர் பெட்டிக்குள் சுருளையும் கெப்பாசிட்டரையும் வைத்து ஒலியைப் பிரிக்காமல், ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரித்து, வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) டுவீட்டருக்கும் (உயர்ந்த ஒலிக்கானது) தனித்தனி ஆம்ப்ளிஃபயர் கொடுப்பதுதான் ஆக்டிவ் கிராஸ்ஓவர். வீட்டில் கட்டுபவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது, சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-ல் வெளியிட்ட கட்டுரையால் பரவலான, லிங்க்விட்ஸ்-ரைலி என்று அவர் பெயரோடு ரஸ் ரைலியின் பெயரும் சேர்த்து அழைக்கப்படும் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரு மடங்காகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரியும் அமைப்பைத்தான். இரண்டு ஸ்பீக்கர், இரு வழி, 2000 ஹெர்ட்ஸில் பிரிவு என்ற வழக்கமான ஒன்றையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதைக் கட்ட முனைபவர்கள் எந்த ஆப்-ஆம்ப் ஐசி (சிக்னலைக் கையாளும் சிறு பெருக்கிச் சில்லு) நல்லது என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரையும் கெப்பாசிட்டரையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வருகிறார்கள். நான் பார்த்த வரையில், கட்டிய கருவி உறுமுவதற்கும் குரல் மங்கி ஒலிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது பையில்தான் இருக்கிறது.

முதல் தவறு டிரான்ஸ்ஃபார்மரிலேயே தொடங்குகிறது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் முதலில் கைக்கு வருவது, நடுமுனையின் இரு புறமும் 12 வோல்ட் தரும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர்தான். வரைபடத்தில் இருப்பதோ கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட்டை நிலையாகத் தரும் 7815, 7915 ரெகுலேட்டர்கள். நான் கட்டிய முதல் கிராஸ்ஓவர் இந்தச் சேர்க்கைதான். பகல் முழுவதும் அது ஒரு குறையும் இல்லாமல் பாடியது. மாலை ஏழு மணிக்கு மேல் வூஃபரில் மெல்லிய உறுமல் எழும். இரவு பதினொன்றுக்கு அடங்கிவிடும். ஒரு வாரம் வயர்களை மாற்றி மாற்றிப் பற்றவைத்த பிறகே மல்டிமீட்டரை ரெகுலேட்டரின் உள்வாயிலில் வைத்துப் பார்த்தேன். பகலில் 18 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தது. தெருவெல்லாம் விளக்கும் மின்விசிறியும் ஓடத் தொடங்கி லைன் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய மாலை நேரத்தில் அது 16-க்குக் கீழே போயிருந்தது. 7815 தன் வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 17 வோல்ட்டாவது உள்ளே இருந்தால்தான் ரெகுலேட்டராக வேலை செய்யும். அதற்குக் கீழே வெறும் வயரைப் போல, 100 ஹெர்ட்ஸ் அலையை அப்படியே வெளியே விட்டுவிடும்.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து 18-0-18. அதுவும் தவறுதான். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை குறைவாக இருக்கும்போது எழுதப்பட்ட வோல்ட்டைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கொடுக்கும். லைனும் 250 வோல்ட்டாக ஏறியிருந்தால் 18-0-18-ன் பின்னால் உள்ள கெப்பாசிட்டரில் 33 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 78 வரிசை ரெகுலேட்டரின் உச்ச வரம்பு 35 வோல்ட். அவ்வளவு நெருக்கத்தில் எதையும் ஓட்டக்கூடாது. நான் இப்போது எல்லோருக்கும் பரிந்துரைப்பது, 15-0-15 டிரான்ஸ்ஃபார்மரும் 7812, 7912 ரெகுலேட்டர்களும்தான். 15 வோல்ட் இல்லாமல் 12 வோல்ட்டில் ஓட்டினால் ஒலி சுருங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை: சிடி பிளேயரின் முழு வெளியீடே 2 வோல்ட், அதன் உச்சி 2.8 வோல்ட், 12 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப் அதைப்போல மூன்று மடங்கை எளிதாகத் தாங்கும். லைன் 195-க்கு இறங்கினாலும் இந்தச் சேர்க்கையில் ரெகுலேட்டருக்கு 17 வோல்ட் கிடைக்கிறது. தேவையோ 14 தான்.

எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதையும் கணக்கிட்டே வாங்க வேண்டும். என்.இ. 5532 என்ற ஆப்-ஆம்ப் ஐசி ஒன்று வழக்கமாக 8 மில்லி ஆம்பியரும் அதிகபட்சமாக 16-ம் எடுக்கும். இடம், வலம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏழு ஐசி என்றால் 56-லிருந்து 112 மில்லி ஆம்பியர். 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். பவர் சப்ளையின் நேர், எதிர் ஒவ்வொரு பக்கத்துக்கும் 2200 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏற்ற இறக்கம் கால் வோல்ட்டிலிருந்து அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்; மீதியை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும். பவர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் 10,000 மைக்ரோஃபாரட் வைக்கிறார்கள். கெப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக, டையோடுகள் வழியே பாயும் மின்னோட்டம் குறுகிய, கூரிய துடிப்புகளாகிவிடுகிறது. அந்தக் கூர்மை டிரான்ஸ்ஃபார்மரையும் சூடாக்கும், கிரவுண்ட் வயரிலும் சத்தமாக ஏறும். கெப்பாசிட்டரின் வோல்ட் மதிப்பில்தான் தாராளம் வேண்டும். 15-0-15-க்கு 25 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்று தோன்றும், ஏனெனில் கணக்கு 20 என்று வருகிறது. ஐசிகளைச் செருகாமல் முதல்முறை ஓட்டிப் பார்க்கும்போது அங்கே நிற்கப்போவது 28 வோல்ட் வரை. 35 வோல்ட்டுக்குக் குறைவாக வாங்க வேண்டாம்.

இனி வருவது, இந்தக் கருவியில் மிகுதியாக நிகழ்ந்தும் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத தவறு. வரைபடத்தில் கிரவுண்ட் என்பது ஒரே குறி; எங்கே தொட்டாலும் ஒன்றுதான். உண்மையில் அது செம்பு வயர், அதற்கும் தடை உண்டு. அரை சதுர மில்லிமீட்டர் வயரில் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.4 மில்லி ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பிலிருந்து (நடுமுனையிலிருந்து) கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்குப் போகும் வயரில் நொடிக்கு நூறு முறை பாயும் சார்ஜ் துடிப்பின் உச்சி அரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அந்த 10 சென்டிமீட்டரின் இரு முனைகளுக்கிடையே 1.7 மில்லிவோல்ட் தோன்றுகிறது. சிக்னல் கிரவுண்டை ஒருவர் அந்த வயரின் டிரான்ஸ்ஃபார்மர் முனையில் பற்றவைத்துவிட்டால், 1 வோல்ட் இசைக்குக் கீழே வெறும் 55 டெசிபெல்லில் அந்த உறுமல் சிக்னலோடு கலந்துவிடும். இரவின் அமைதியில் அறையின் மறுகோடியிலிருந்தே அது கேட்கும். இதை எந்த விலையுயர்ந்த ஐசியாலும் நீக்க முடியாது.

ஆகவே சென்டர் டேப் வயர் நேரே இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்குப் போய் அங்கேயே முடிய வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து தனியாக ஒரு குட்டையான வயர் கிளம்பி, ரெகுலேட்டர்களின் கிரவுண்ட் சேரும் இடத்துக்குப் போக வேண்டும். ஆடியோ பலகையின் கிரவுண்ட் இந்த இரண்டாவது இடத்திலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும். வயர் ஒன்று கூடுதலாகச் செலவாகும், உறுமல் போய்விடும். உறுமலைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் பழக்கம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் உறை கிழிந்து 230 வோல்ட் உலோகப் பெட்டியில் ஏறும் நாளில் உங்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் காத்து நிற்பது அந்த ஒரு முள்தான். உலோகப் பெட்டி எர்த்தோடு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்; ஃபியூஸும் சுவிட்சும் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும்; 230 வோல்ட் வரும் இடமெல்லாம் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் நடுவே போகும் போல்ட்டின் மேல்முனை பெட்டியின் மூடியைத் தொட்டால், போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு மூடிய சுற்றாகி, பெரும் மின்னோட்டம் பாய்ந்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

ரெகுலேட்டர்களில், நேர்ப்பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் கண்ணாடிப் பிம்பம் என்று எண்ணுவதுதான் ஆபத்து. 7812-ன் கால்கள் முறையே உள், கிரவுண்ட், வெளி. 7912-க்கோ கிரவுண்ட், உள், வெளி. உலோக முதுகும் அப்படியே வேறுபடுகிறது: 7812-ன் முதுகு கிரவுண்ட், 7912-ன் முதுகு எதிர்ப்பக்க உள்வாயில். இரண்டையும் சூட்டை வெளியேற்றும் ஒரே ஹீட்சிங்கில், மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு இல்லாமல் திருகினால் எதிர்ப்பக்கம் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிடும். மைக்கா வைத்தவர்களும் திருகாணிக்குப் பிளாஸ்டிக் புஷ் போட மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் திருகாணி வழியே போய்விடுகிறது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்துச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். அதேபோல், 7812-ன் வெளிவாயிலில் 0.1 மைக்ரோஃபாரட் போதுமானது. அதையே 7912-க்கும் வைத்தால் அது அதிரத் தொடங்கலாம். 79 வரிசைக்கு வெளிவாயிலில் 1 மைக்ரோஃபாரட் டான்டலம், அல்லது 25 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையாத சாதாரண எலக்ட்ரோலிட்டிக், காலுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். இரண்டு வெளிவாயில்களிலிருந்தும் கிரவுண்டுக்குத் தலைகீழாக ஒரு 1என்4002 டையோடு போட்டுவிட்டால், ஒரு பக்கம் முந்திக்கொண்டு எழும்போது மறுபக்கம் எதிர்த் துருவத்துக்கு இழுக்கப்படாது.

உதிரிபாகங்களில் முதலிடம் ஃபில்டர் கெப்பாசிட்டருக்குத்தான். கடையில் 103 என்று அச்சிட்ட பழுப்பு நிறச் செராமிக் வில்லையைக் கொடுப்பார்கள்; 10 நானோஃபாரட் என்பதும் சரிதான். ஆனால் அந்த வகையின் மதிப்பு வெப்பத்தோடும், அதன்மேல் விழும் வோல்ட்டோடும் மாறிக்கொண்டே இருக்கும். இசை ஏறி இறங்கும்போது ஃபில்டரின் அதிர்வெண்ணும் கூடவே ஆடினால் அது சிதைவாகவே காதில் விழும். ஐசியின் பவர் கால்களுக்கு அருகில் வைக்கும் 0.1 மைக்ரோஃபாரட்டுக்குச் செராமிக் மிகவும் ஏற்றது. சிக்னல் பாதையில் பாலிப்ரோப்பிலீன் அல்லது, இப்படி மதிப்பு மாறாத சி0ஜி வகைச் செராமிக் மட்டுமே. பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் நடுவில் நிற்பது. வேறு கிடைக்காதபோது பயன்படுத்தலாம்.

அடுத்தது பிழைவீதம். மதிப்புக்குப் பின்னால் வரும் எழுத்து ஜே என்றால் 5 சதவீதம், கே என்றால் 10, எம் என்றால் 20. 10 சதவீதக் கெப்பாசிட்டர்களில் இடப்பக்கம் 1800 ஹெர்ட்ஸிலும் வலப்பக்கம் 2200-லும் பிரியக்கூடும். அப்போது பாடகரின் குரல் நடுவில் நிற்காமல், ஸ்வரத்துக்கு ஏற்ப இங்கும் அங்கும் நகரும். இதற்கு விலை உயர்ந்த தீர்வு தேவையில்லை. இந்த அமைப்பை ஒரே மதிப்பை வைத்து முழுவதும் கட்டிவிடலாம்: 10 நானோஃபாரட்டும் 5.62 கிலோ ஓமும் சேர்ந்தால் பிரிவு 2002 ஹெர்ட்ஸ். இரு மடங்கு வேண்டிய இடத்தில் இரண்டு கெப்பாசிட்டரை இணையாகவும் இரண்டு ரெசிஸ்டரைத் தொடராகவும் வைத்தால் போதும். எண்ணிப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் 20 கெப்பாசிட்டர், 20 ரெசிஸ்டர். ஒரே பட்டையிலிருந்து முப்பது கெப்பாசிட்டரை வாங்கி வந்து, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, மதிப்பைச் சிறு தாளில் எழுதி ஒட்டி, வரிசையாக அடுக்கி, ஒத்தவற்றை இடமும் வலமுமாக இணை சேருங்கள். மீட்டர் முற்றிலும் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இங்கே வேண்டியது ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான். அளக்கும்போது கெப்பாசிட்டரின் உடலை விரல்களால் பிடித்திருக்க வேண்டாம், சூட்டில் மதிப்பு நகரும்.

இரு மடங்கு மதிப்பு எங்கே போக வேண்டும் என்பதில் நிகழும் தவறு மிகவும் நுட்பமானது. தாழ்ந்த ஒலிகளை விடும் ஃபில்டரில், ஐசியின் வெளிவாயிலிலிருந்து திரும்பி வரும் கெப்பாசிட்டர்தான் 20 நானோஃபாரட். கிரவுண்டுக்குப் போவது 10. உயர்ந்த ஒலிகளை விடும் ஃபில்டரில் இது மாறும்: கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர்தான் இரு மடங்கு. இடம் மாற்றிப் பற்றவைத்தாலும் கருவி ஓடும், அதிர்வெண்ணும் மாறாது, எதுவும் சூடாகாது. ஆனால் பிரிவுப் புள்ளியில் 6 டெசிபெல் குறைய வேண்டிய இடத்தில் 18 டெசிபெல் குறைந்துவிடும். மெய்யெழுத்துகளின் தெளிவு இருக்கும் அதே பகுதியில் பள்ளம் விழும். “இந்த ஐசி மந்தமாக இருக்கிறது” என்று சொல்லி ஐசியை மாற்றிக்கொண்டிருந்த ஒரு நண்பரின் பலகையில் நான் கண்டது இந்த இடமாற்றத்தைத்தான்.

ரெசிஸ்டர்கள் 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். கார்பனைவிட விலை அதிகமில்லை, இரைச்சலும் குறைவு. மதிப்பு 100 கிலோ ஓம் பக்கம் போனால் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலே ஐசியின் இரைச்சலை மூழ்கடித்துவிடும், 1 கிலோ ஓமுக்குக் கீழே போனால் ஐசி மூச்சுத் திணறும். வால்யூம் கண்ட்ரோலை நேரே ஃபில்டரின் வாயிலில் இணைக்காமல், இடையே ஒரு ஆப்-ஆம்பை பஃபராக வையுங்கள். இல்லாவிட்டால் வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் பிரிவுப் புள்ளி நகரும். வெளிவாயில் ஒவ்வொன்றிலும் 100 ஓம் தொடராக இருந்தால் நீண்ட கேபிளால் ஐசி அதிராது. ஐசியைப் பொறுத்தவரை, என்.இ. 5532 இந்த வேலைக்குப் போதும் என்பதே என் முடிவு. நம்பகமான இடத்தில் வாங்குவது, அதைவிட உயர்ந்த ரகத்தைச் சந்தேகமான இடத்தில் வாங்குவதைவிட மேல். ஏனெனில் வேறு ஐசியின் மேல் பெயரை மாற்றி அச்சிட்டு விற்பது இந்தச் சந்தையில் புதிதல்ல.

கட்டி முடித்ததும் ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பாட்டுக் கேட்கும் ஆவலை ஒரு மாலை நேரம் அடக்க வேண்டும். ஆக்டிவ் முறையில் டுவீட்டருக்கு முன்னால் பாதுகாப்பாக எதுவும் இல்லை. ஒரு பக்க ரெகுலேட்டர் செத்தால் ஐசிகளின் வெளிவாயில் ஏறத்தாழ 10 வோல்ட் டிசியாக நிற்கும், டிசியைத் தடுக்காத ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி மெல்லிய சுருளை நொடியில் எரித்துவிடும். 8 ஓம் டுவீட்டரோடு தொடராக 33 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் அது 600 ஹெர்ட்ஸில்தான் வேலை தொடங்கும், 2000 ஹெர்ட்ஸ் பிரிவை மிகக் குறைவாகவே தொடும், டிசியை முற்றிலும் நிறுத்தும். பிறகு ஐசிகளைச் செருகாமல் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 8-ஆம் காலில் கூட்டல் 12, 4-ஆம் காலில் கழித்தல் 12 இருப்பதைப் பாருங்கள். அணைத்து, கெப்பாசிட்டர்கள் முழுதும் இறங்கிய பின் ஐசிகளைச் செருகி, நான்கு வெளிவாயில்களிலும் டிசி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளவிடுங்கள். லைன் இறங்கும் மாலை நேரத்தில் ஒருமுறை, பகலில் ஒருமுறை ரெகுலேட்டரின் உள்வாயிலை அளந்து, இரண்டு எண்களையும் பெட்டியின் உள்மூடியில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு மூடியைத் திருகுங்கள்.